நாயின் கண்ணும் நம் கண்ணும்

மக்களோடு மிகப் பழகிய விலங்கு யாது என வினவின், நாய் என்று எவரும் தயங்காது விடையிறுப்பர். காவலுக்கும் வேட்டைக்கும் துணைக்குமாகப் பன்னெடுங்காலம் நம்மோடு வாழ்ந்துவரும் அவ்விலங்கின் முகத்தை நாடோறும் காண்கின்றோம். ஆயினும், அதன் கண்ணை உற்றுநோக்கி அறிந்தோர் நம்முள் எத்துணைப் பேர்? நிறம் வேறுபட்ட கண்ணைக் கண்டால் வெருவுகின்றோம். நோயுற்ற கண்ணைக் கண்டால் பாராமுகமாய்ப் போகின்றோம். இவ்விரு பிழைகளும் ஒரே அறியாமையினின்று பிறந்தவை. அவற்றைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகட்கு முன் எங்கள் விடுதிச் சமையற்கூடத்தின் புறத்தே நாய் ஒன்று வந்து தங்கிற்று. அதன் வலக்கண் பழுப்பு நிறம். இடக்கண்ணோ வெளிறிய நீலம். வந்த சில நாட்களிலேயே அதனைப் பற்றிப் பலவாறு பேச்செழுந்தது. 'இதற்கு வெறி பிடித்துவிட்டது' என்றார் சிலர். 'பூ விழுந்த கண். குருட்டு நாய்' என்றார் வேறு சிலர். காலையில் அதன் முகத்தில் விழித்தால் தேர்வு தேறாது என்று சொன்ன விஞ்ஞான மாணவரும் உளர்! சமையற்கார முதியவர் மட்டும், 'ஐயா, இது குட்டியாயிருந்த நாள்தொட்டு இக்கண்ணோடுதான் திரிகிறது. ஒருவரையும் கடித்ததில்லை' என்றார். அவர் சொல் ஏறவில்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது பழமொழி; எங்கள் விடுதியிலோ நாயும் இருந்தது, கல்லும் இருந்தது. ஒரு நாள் விடியலில் அது பின்னங்கால் ஒடிந்து கிடந்தது. எறிந்தவர் யாவர் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. எறியாது பார்த்திருந்தவர் பலர். அவருள் யானும் ஒருவன்.

அந்நாய் செய்த குற்றம் என்ன? அதன் ஒரு கண்ணில் மெலனின் என்னும் நிறப்பொருள் குறைந்திருந்தது, அவ்வளவே. கண்மணியைச் சூழ்ந்துள்ள வளையத்தில் மெலனின் மிகுந்திருப்பின் கண் பழுப்பாகத் தோன்றும். குறைந்திருப்பின் நீலமாகத் தோன்றும். நீலக்கண்ணில் நீலச்சாயம் எதுவுமில்லை. வானம் எவ்வாறு நீலமாகத் தோன்றுகிறதோ, ஏறத்தாழ அவ்வாறே ஒளி சிதறுதலால் அக்கண்ணும் நீலமாகிறது. பிறந்து பத்துப் பதினான்கு நாட்களில் கண் திறக்கும் குட்டிகள் பலவற்றின் கண்களும் தொடக்கத்தில் நீலம் பாரித்தே இருக்கும். பின்னர் வாரங்கள் செல்லச்செல்ல நிறம் ஏறும். சில நாய்களுக்கு அந்நிறம் ஒரு கண்ணில் ஏறி மற்றொன்றில் ஏறாது நின்றுவிடுகிறது. சைபீரியன் ஹஸ்கி என்னும் பனிநாட்டு நாய்க்கு இரு கண்ணும் நீலமாயிருத்தல் இயல்பு. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, பதினெட்டாம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இரட்டித்திருத்தலே இந்நீலத்துக்குக் காரணத்தோடு தொடர்புடையது என்று காட்டிற்று. இத்தகைய கண் நன்கு காணும்.

இரவில் நாயின் கண் ஒளிர்வதும் இவ்வாறே தவறாகக் கருதப்படுவது. அதன் விழித்திரைக்குப் பின்னே ஆடி போன்றதொரு படலம் உண்டு. உட்புகுந்த ஒளியை அது மீண்டும் விழித்திரைக்கே திருப்பியனுப்பி, மங்கிய வெளிச்சத்திலும் காண உதவுகிறது. பச்சையாகவும் மஞ்சளாகவும் நாம் காணும் சுடர் அதுவே. நீலக்கண் நாய்கள் சிலவற்றுக்கு அப்படலம் இன்மையால், உள்ளிருக்கும் குருதி நாளங்களின் செந்நிறமே வெளித்தோன்றும். ஒரு கண் பச்சையாகவும் மறுகண் செந்தழலாகவும் ஒளிரும் நாயை நள்ளிரவில் கண்டு ஒருவன் அஞ்சுதல் இயல்பே. ஆனால், விடிந்த பின்னும் அவ்வச்சத்தை விடாதிருத்தல் கற்றவர்க்கு அழகன்று. யமனுடைய நாய்கள் நான்கு கண் உடையன என்று இருக்கு வேதம் கூறும். புருவத்தின்மேல் இரு புள்ளிகளுடைய நாயைக் கண்டே பண்டையோர் அவ்வாறு கருதினர் என்பது அறிஞர் பலர் கொள்கை. ஆகவே, நாயின் கண்ணைக் கண்டு மருளுதல் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று.

ஆயின், நிறம் மாறிய கண் யாவும் குற்றமற்றவை என்று கூறிவிடலாமோ? கூடாது. உட்செவி செவ்வனே இயங்குதற்கும் நிறமூட்டும் உயிரணுக்கள் வேண்டும். அவை அங்குச் சென்று சேராவிடின் செவி கேளாது. ஆதலின், டால்மேஷியன் போன்ற வெண்ணிறம் மிக்க இனங்களில் நீலக்கண்ணும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருதல் மிகுதி. நம் நாட்டு இராசபாளைய நாயிலும் செவிட்டுக் குட்டிகள் பிறத்தல் அறிந்ததே. அன்றியும், மெர்ல் எனப்படும் புள்ளிநிறம் கொண்ட இரு நாய்களை இணைத்தால், பிறக்கும் குட்டிகளுள் நான்கிலொன்று அம்மரபணுவை இருபுறமும் பெறும். அத்தகைய குட்டிகளுள் பல சிறுத்த கண்ணும் குருடும் செவிடுமாய்ப் பிறக்கின்றன. இஃது இயற்கையின் கொடுமையன்று. நிறத்துக்கு ஆசைப்பட்டு இணைத்த மனிதனின் கொடுமை. எனவே, நீலக்கண்ணுடைய வெள்ளைக் குட்டியைப் பெற்றவர் அதன் பின்னே நின்று, அது காணாதவாறு கைதட்டிப் பார்த்தல் நன்று. கேளாத நாய் அழைத்தும் வாராதபோது அதனை அடங்காத நாய் என்று அடித்தல் பெரும் பாவம்.

வெறிநோயைப் பற்றியும் ஒரு சொல். கண்ணின் நிறங்கொண்டு வெறியை அறிய இயலாது. திடீரென மாறிய நடத்தை, வழியும் எச்சில், தொங்கும் தாடை, தள்ளாடும் நடை ஆகியவையே ஐயத்துக்கு உரியன. எக்கண்ணுடைய நாய் கடிப்பினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது மருத்துவரிடம் சென்று தடுப்பூசி இட்டுக்கொள்ளுதல் வேண்டும். அழகிய கருங்கண்ணுடைய நாயாயிற்றே என்று வாளாவிருந்து உயிரிழத்தல், நீலக்கண்ணுக்கு அஞ்சிக் கல்லெறிதலினும் பெரிய பேதைமையாகும்.

நிற்க. இதுகாறும் பிறர் பிழை கூறினேன். இனி என் பிழை கூறுவேன். எங்கள் இல்லத்தில் ஒரு நாய் வளர்ந்தது. அதன் கண்கள் இரண்டும் கரியன, பெரியன. கண்டோர் யாவரும் புகழ்வர். ஒரு நாள் அது ஒரு கண்ணை மூடி மூடித் திறந்தது, நீர் வடிந்தது, வெள்விழி சிவந்தது. 'தூசி விழுந்திருக்கும்' என்று எண்ணினேன். வீட்டில் எனக்கு முன்பு மருத்துவர் எழுதிக்கொடுத்த சொட்டுமருந்து எஞ்சியிருந்தது. மனிதன் கண்ணுக்கு நன்மை செய்தது நாயின் கண்ணுக்குத் தீங்கு செய்யுமோ என்று கருதி, மூன்று நாள் அதனையே இட்டேன். சிவப்புக் குறைந்தது, மகிழ்ந்தேன். நான்காம் நாள் கருவிழியின் நடுவே குழியொன்று தோன்றிற்று. கால்நடை மருத்துவர் கண்டவுடன் முகம் மாறினார். அம்மருந்து ஸ்டீராய்டு கலந்தது. விழியில் கீறல் இருக்கும்போது அம்மருந்து இடின், புண் ஆறாது, கரைந்து ஆழமாகும். பசிய ஒளிகாட்டும் சாயமொன்றை விழியில் இட்டு ஒரு நிமிடத்தில் அவர் காட்டிய புண்ணை, முதல் நாளே காட்டியிருப்பின் கண் பிழைத்திருக்கும். கண்ணை எடுத்துவிட நேர்ந்தது. அன்று மாலை அது வழக்கம்போல் என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. அதற்கு என்மேல் சினமில்லை. அதுவே எனக்குப் பொறுக்கலாகாததாயிற்று.

ஆதலின், நாய் வளர்ப்போர் அறிந்திருக்கவேண்டிய குறிகள் சிலவற்றை ஈண்டுக் கூறுதல் என் கடமையாகிறது. பிறவிதொட்டு இருந்துவரும் நிறவேறுபாடு பெரும்பாலும் அச்சத்துக்கு உரியதன்று. நேற்று இல்லாது இன்று தோன்றிய மாறுதலே அச்சத்துக்கு உரியது. கண்ணை மூடிக்கொள்ளுதல், கூச்சம், சிவப்பு, கருவிழி முழுதும் புகைபடர்ந்தாற்போல் நீலித்தல், கண்மணிகளுள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாயிருத்தல், விழி புடைத்தல் ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் அன்றே மருத்துவரை நாடுக. கண்ணினுள் அழுத்தம் இயல்பாகப் பாதரசக் கணக்கில் 10 முதல் 25 மில்லிமீட்டர் அளவிருக்கும். அது திடீரென மிகுமாயின் ஓரிரு நாளில் பார்வை மீளாது அழியும். நாளை பார்ப்போம் என்பது அந்நோயில் குருட்டுக்கு மறுபெயர்.

ஏழெட்டு வயது கடந்த நாயின் கண்மணியில் மெல்லிய நீலப்புகை படர்தல் வேறு. அது விழிவில்லை முதிர்ந்து இறுகுவதால் வருவது. பார்வையை மிகக் கெடுப்பதன்று. புரையோ பால்போல் வெளுத்துப் பார்வையை மறைக்கும். நீரிழிவுற்ற நாய்களுள் பெரும்பாலானவற்றுக்குப் புரை விரைந்து படரும். தகுந்த நாய்களுக்கு அறுவை மருத்துவத்தால் அதனை நீக்கலாம். இவ்விரண்டையும் வீட்டிலிருந்தபடியே வேறுபடுத்த முயலற்க.

ஓயாது கெட்டியான பீளை தள்ளும் கண்ணைத் துடைத்துத் துடைத்து விடுவோர் பலர். அது கண்ணீர் வற்றிய நோயாதல் கூடும். சிறு தாட்கீற்றை இமையின் உட்புறத்தே ஒரு நிமிடம் வைத்து, அது 15 மில்லிமீட்டருக்குக் குறையாது நனைகிறதா என்று மருத்துவர் காண்பர். இந்நோய்க்கு மருந்துண்டு, பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் இடவேண்டும். மூக்கோரத்துக் கண்மூலையில் செங்கனிபோல் ஒரு தசை பிதுங்கினால், அதனை அறுத்தெறியச் செய்யற்க. அது மூன்றாம் இமையின் சுரப்பி. கண்ணீரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தருவது. அதனை உள்ளே வைத்துத் தைப்பதே முறை. நம் வெப்ப நாட்டில் உண்ணிகளால் பரவும் காய்ச்சல் கண்ணினுள் குருதி கசியச் செய்து குருடாக்குவதும் உண்டு. உண்ணியை ஒழித்தல் கண்ணைக் காத்தலும் ஆகும்.

கிராமங்களில் உப்பை மென்று மாட்டின் கண்ணிலும் நாயின் கண்ணிலும் உமிழும் வழக்கத்தைக் கண்டிருக்கிறேன். செய்வோர் அன்பினாலேயே செய்கின்றனர். யானும் அன்பினாலேயே சொட்டுமருந்து இட்டேன். அறிவொடு கூடாத அன்பு கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு என் இல்லமே சான்று.

'மக்கட்கே மருத்துவம் எட்டாத நாட்டில் தெருநாயின் கண்ணுக்கு இத்துணைக் கவலையோ?' என்று ஒருவர் வினவலாம். வினா நேரியதே. ஆயினும் யான் வேண்டுவது பெரும்பொருளன்று. கல்லை எடாதிருக்கப் பொருள் வேண்டா. எஞ்சிய மருந்தை இடாதிருக்கப் பொருள் வேண்டா. மாவட்டந்தோறும் அரசினர் கால்நடை மருத்துவமனைகள் உள. 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இன்றும் கற்பித்தும் மருத்துவம் புரிந்தும் வருகிறது. அங்குச் செல்வதற்கு வேண்டுவது பெரும்பாலும் கால்நாழிகை மனவுறுதியே.

இன்னொரு முரணையும் எண்ணிப் பார்ப்போம். தெருவில் திரியும் நலமுள்ள நீலக்கண் நாயை நோயுற்றதென்று விரட்டுகின்றோம். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய பக் நாயின் பிதுங்கிய விழியையோ அழகென்று கொஞ்சுகின்றோம். முகம் தட்டையாகவேண்டும் என்று மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இணைத்தமையால், அதன் கண்குழி ஆழமற்றதாயிற்று. இமைகள் முற்றும் மூடமாட்டா. கீறலும் புண்ணும் எளிதில் உண்டாகின்றன. நோயை அழகென்றும் அழகை நோயென்றும் கொள்ளும் கண் நாயின் கண்ணன்று, நம் கண்ணே. மருந்து முதலில் இடவேண்டியது அங்கேதான்.

விடுதி நாய் பிழைத்தது. சமையற்கார முதியவரும் மாணவர் இருவரும் அதனைச் சாக்கில் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். கால் சற்றே கோணலாகக் கூடிற்று. இன்றும் அது சமையற்கூடத்து வாயிலில் படுத்திருக்கிறது. புதிதாக வரும் மாணவர் ஒவ்வோராண்டும் அதன் கண்ணைப் பற்றிக் கேட்கின்றனர். ஆனால் காலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. மாணவ நண்பர்காள்! கேட்கவேண்டியது அதுவே. கண் அதற்கு இயற்கை தந்தது. கால் நாம் தந்தது.