பெண்டிங்... பெண்டிங்... பணம் எங்கே மாட்டிக்கிச்சு?

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சேலைக் கடை. அக்காவுக்குப் பட்டு எடுத்துவிட்டு கியூ.ஆர் கோடை ஸ்கேன் செய்தேன். என் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. கடைக்காரரின் போனில் மட்டும் சத்தமே இல்லை.

"நெட் ஸ்லோவா இருக்கும்மா" என்றார் அவர். "பேங்க் சர்வர் டவுன்" என்றார் பக்கத்தில் நின்றவர். அரை மணி நேரம் கழித்துப் பணம் சேர்ந்தது. எங்கே மாட்டியது என்று மட்டும் கடைசி வரை தெரியவில்லை.

நாம் தட்டும் ஒரு தட்டு, பேமென்ட் ஆப், அதற்குத் துணை நிற்கும் வங்கி, என்.பி.சி.ஐ, நம் வங்கி, கடைக்காரரின் வங்கி எனப் பல கை மாறுகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஏகப்பட்ட சர்வர்கள். தறியில் இழை அறுந்தால் நெசவாளர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சர்வர்களுக்கு நடுவே ஓடும் இழை யார் கண்ணுக்குத் தெரியும்?

அதற்குத்தான் தானாகவே தேடி வரைபடம் போடும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. நம்ம ஊர் ஜோஹோகூட தன் 'மேனேஜ்என்ஜின்' பிரிவில் இப்படி ஒன்றை விற்கிறது. நெட்வொர்க்கில் எந்தெந்த சர்வர்கள் இயங்குகின்றன என்று முதலில் தேடும். பிறகு ஒவ்வொன்றிலும் என்ன புரோகிராம் ஓடுகிறது, அது யாரோடு பேசுகிறது என்று குறித்துக்கொள்ளும். குறிப்புகளை இணைத்தால் வரைபடம் ரெடி. ஒரு டேட்டாபேஸ் படுத்தால், அதை நம்பியிருக்கும் சேவைகள் எவை என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால், இரண்டு சிக்கல்கள். மாதம் ஒருமுறை மட்டும் நடக்கும் பேச்சு, தேடும் நேரத்தில் காதில் விழாமல் போகலாம். இன்னொன்று, ஒரு நிறுவனத்தின் வரைபடம் அதன் வாசலோடு முடிந்துவிடும். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யு.பி.ஐ தடுமாறியதே, ஞாபகம் இருக்கிறதா? 'அந்தப் பணம் சேர்ந்ததா?' என்று வங்கிகளின் பக்கமிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்விகளால் ஏற்பட்ட நெரிசல்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. வாசலுக்கு வெளியிலிருந்து வந்த வினை!

சரி, நமக்கு இப்படி ஆனால்? அவசரப்பட்டு மறுபடி அனுப்ப வேண்டாம். 12 இலக்க யு.பி.ஐ ரெஃபரன்ஸ் எண்ணைக் குறித்து வையுங்கள். கடைக்குப் பணம் சேரவில்லை என்றால், அடுத்த 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2019-லிருந்தே இருக்கும் ரிசர்வ் வங்கி விதி.

பணம் எங்கே மாட்டியது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. கேட்டு வாங்குவது நம் உரிமை!