மண்ணு சரிஞ்சா கப்பு!

போன வாரம் எக்ஸாம் ஹாலுக்குள்ள போயிட்டு வந்தோம். இந்த வாரம் கிரவுண்டுக்குப் போகலாமா? முதல்ல ஒரு கப் கதை.

போடியில நான் காலேஜ் படிச்சப்ப ஒரு வாலிபால் டோர்னமென்ட். ஃபைனல்ல எங்களோட மோத வேண்டியது, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டப் பசங்க டீம். நல்ல ஐப்பசி மழை. போடிமெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு, பாறை உருண்டு, ஜீப்பெல்லாம் அங்கங்கே நின்னுபோச்சு. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த ரெஃப்ரி, கப்பைத் தூக்கி எங்க கையில கொடுத்துட்டார். ஒரு சர்வீஸ்கூடப் போடலை!

சும்மா இருப்போமா? மறுநாள் காலேஜ் நோட்டீஸ் போர்டுல சார்ட் பேப்பர் ஒட்டினோம். கலர் ஸ்கெட்ச்ல கொட்டை எழுத்து: 'லேண்ட்ஸ்லைடு விக்டரி!'

எங்க இங்கிலீஷ் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டுப் படிச்சார். "கரெக்டாத்தான்ப்பா எழுதியிருக்கீங்க. லேண்ட்ஸ்லைடு வந்ததாலதானே ஜெயிச்சீங்க!"

வராண்டாவே சிரிச்சது. அன்னைக்கு அவர் நின்னபடியே நடத்தின பாடம்தான் இந்த வார மேட்டர்.

சுலபமா ஜெயிச்சதைச் சொல்ல இங்கிலீஷ்ல டஜன் கணக்குல வார்த்தை இருக்கு. ஆனா எல்லாம் ஒண்ணு இல்லை. ஏலக்காயைப் பாருங்க... தூரத்துல எல்லாம் ஒரே பச்சை. சல்லடையில போட்டாத்தான் 8 மில்லிமீட்டர் தனி, 7 தனின்னு பிரியும். விலையும் வேற வேற. வார்த்தைகளையும் அப்படிச் சலிச்சுப் பார்ப்போம்.

வாக்ஓவர்: குதிரைப் பந்தயத்துல பிறந்த வார்த்தை. எதிர்த்து ஓட வேற குதிரையே இல்லைன்னா, இருக்கிற ஒரே குதிரை பாதையை நடந்தே கடந்தாப் போதும், ஜெயிச்ச கணக்கு. ரொம்ப ஈஸியான வெற்றிக்கும் இப்ப இதைச் சொல்றாங்க. ஆனா ஸ்கோர் ஷீட்டுல வாக்ஓவர்னு இருந்தா, எதிராளி ஆடலைன்னு அர்த்தம். எங்க கப் இந்த ரகம். 'பை' வேற... டிராவுல எதிராளியே விழாம நேரா அடுத்த ரவுண்டுக்குப் போறது.

லேண்ட்ஸ்லைடு: பெரும்பாலும் எலெக்ஷனுக்குத்தான். மலை சரியிற மாதிரி ஓட்டு ஒரே பக்கமா சரியிறது. 1996-ல தமிழ்நாட்டுல தி.மு.க. கூட்டணிக்குக் கிடைச்சது அப்படி ஒரு வெற்றி. அ.தி.மு.க. ஜெயிச்சது 4 இடம்தான். அதே கட்சி 2001-ல ஆட்சியைப் பிடிச்சது. சரிஞ்ச மலை அடுத்த தடவை எந்தப் பக்கம் சரியும்னு யாருக்குத் தெரியும்?

ஒயிட்வாஷ்: வெள்ளையடிக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்ப ஒரு சுவரை மட்டும் விட்டுட்டா அம்மா விடுவாங்களா? அதே மாதிரி, ஒரு தொடர்ல எல்லா மேட்ச்சையும் ஜெயிச்சாத்தான் ஒயிட்வாஷ். 2024-ல நியூசிலாந்து இந்தியாவுக்கு வந்து டெஸ்ட் தொடரை 3-0ன்னு ஜெயிச்சாங்களே, அது. ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சுட்டு இந்த வார்த்தையைத் தொடாதீங்க.

த்ராஷிங்: ஒரு மேட்ச்சுக்கு இது போதும். கதிரடிக்கிறதைச் சொல்ற 'த்ரெஷ்'ஷும் இதுவும் ஒரே வேர். களத்துல நெல்லு உதிர உதிர அடிப்பாங்களே, அந்த அடி! 1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் ஹாக்கியில இந்தியா அமெரிக்காவை 24-1ன்னு அடிச்சது. ரூப் சிங் மட்டும் 10 கோல், அவரோட அண்ணன் தியான்சந்த் 8. வந்ததே மூணு டீம்தான்கிறதால, ரெண்டு மேட்ச்சும் தோத்த அமெரிக்காவுக்கும் வெண்கலம் கிடைச்சது!

கேக்வாக்: அல்வா மாதிரி ஈஸின்னு அர்த்தம். ஆனா பிறந்த இடம் இனிப்பு இல்லை. அமெரிக்காவுல அடிமைகளா இருந்த கறுப்பின மக்கள் ஜோடி ஜோடியா நடந்து ஆடின ஆட்டம். நல்லா ஆடின ஜோடிக்கு கேக் பரிசு.

இன்னொண்ணு... 'வீ வன் தெம்'னு சொல்லாதீங்க. மேட்ச்சைத்தான் 'வின்' பண்ண முடியும். ஆளை 'பீட்' பண்ணணும். 'வீ பீட் தெம்', அவ்வளவுதான்.

இந்த வார்த்தைகள்ல ஒரு சிக்கல் உண்டு. எவ்வளவு வித்தியாசம்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. 2001-ல உலகக் கோப்பை கால்பந்து தகுதிச் சுற்றுல ஆஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவை 31-0ன்னு நொறுக்கினது. உலகமே சிரிச்சது. பாஸ்போர்ட் சிக்கல்ல முக்கியமான ஆட்டக்காரங்க பலரும் வர முடியாம, சின்னப் பசங்களை வச்சு ஆடினாங்கங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்? அன்னைக்கு 31 கோல் வாங்கின கோல்கீப்பர் நிக்கி சலாபு விடலை. 2011-ல டோங்காவை 2-1ன்னு ஜெயிச்சப்பவும் கோல்போஸ்ட்ல நின்னது அவர்தான்.

எங்க கதையிலயும் ஒரு 'ஏன்' பாக்கி இருக்கு. சார்ட் பேப்பர்ல நாங்க எழுதாம விட்டது.

அன்னைக்கு கப்பை வாங்கிட்டு புரோட்டாக் கடையில உட்கார்ந்திருந்தப்ப, அந்தப் பசங்க வந்து சேர்ந்துட்டாய்ங்க. சரிஞ்ச மண்ணைத் தாண்டி, கீழ் வளைவுகளை நடந்தே இறங்கி, முந்தல்ல வண்டி பிடிச்சு வந்திருக்காய்ங்க. ஷூ கையில, முட்டி வரைக்கும் சேறு. "அண்ணே, கப்பு உங்களுக்கே இருக்கட்டும். ஒரு மேட்ச் மட்டும் ஆடலாமாண்ணே?" நெட்டைக் கழட்டிட்டாங்க, வயிறு ஃபுல்லுன்னு சாக்கு சொல்லி அனுப்பிட்டோம்.

இது சாருக்கும் தெரிஞ்சிருந்தது. சிரிப்பு அடங்கினதும் மெதுவாக் கேட்டார். "மலையில நடந்தது அவய்ங்க. வாக்ஓவர் மட்டும் உங்களுக்கா?"

யாரும் வாயைத் திறக்கலை. சார்ட் பேப்பரைக் கிழிச்சோம். தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பினோம். அடுத்த ஞாயித்துக்கிழமை ரோடு திறந்திருந்தது. வந்தாய்ங்க. ஆடினோம்.

ஸ்கோர்: 25-11, 25-9, 25-14. ஜெயிச்சது அவய்ங்க.

கப்பையும் அவங்க ஜீப்புலயே ஏத்தி விட்டோம். அன்னைக்கு நாங்க வாங்கினதுக்கு வாக்ஓவர், ஒயிட்வாஷ், த்ராஷிங்... மூணுல எது பொருந்தும்? அதுதான் இந்த வார ஹோம்வொர்க்!