கதவு திறவாவிடிற் சுவரை இடிப்பதா?

இக்காலத்துக் காரியாலயங்களின் உயிர்நிலை இரும்புப் பெட்டகங்களில் இல்லை. பூட்டிய ஓர் அறையில் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும் சர்வர்களில் உள்ளது. சம்பளப் பட்டியலும், சரக்குக் கணக்கும், மாணவர் மதிப்பெண்ணும், நோயாளர் குறிப்பும் ஒரு சர்வரிற் பிறந்து, மற்றொன்றிற் சேர்க்கப்பட்டு, மூன்றாவதொன்றில் நகல் பெறுகின்றன. ஒன்றன் கோப்புகளை மற்றொன்று எடுத்தாளுதற்கு அமைந்த இவ்வேற்பாட்டையே கோப்புப் பகிர்வு என்கிறோம். அது செவ்வனே நடைபெறுங்கால் அதனை நினைப்பார் இல்லை. ஒரு நாள் அது நின்றுவிடின் காரியாலயம் முழுவதும் கலங்குகின்றது. அக்கலக்கத்திற் செய்யத் தகுவன யாவை, தகாதன யாவை என்பது குறித்து நமது அபிப்பிராயத்தை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இத்தகைய காரியாலயங்களிற் பொறுப்பேற்றிருக்கின்றனர். இன்று பயில்வோரும் நாளை ஏற்பர். ஆதலின் இது சிலர்க்கே உரிய தொழில் நுணுக்கமென்று ஒதுக்கத் தக்கதன்று.

இணைப்பு அறுந்தவுடன் பலர் மேற்கொள்ளும் வழக்கம் ஒன்றுண்டு. காரணத்தை ஆராயுமுன்னே ஃபயர்வால் என்னும் காப்புச் சுவரை நிறுத்திப் பார்ப்பர். அது பயனளியாவிடில், பகிர்ந்த கோப்புறையில் 'எவர்க்கும் முழு உரிமை' என்று எழுதிவிடுவர். அதுவும் பயனளியாவிடில், குறையுடையதென்று முன்னமே விலக்கப்பட்ட பழைய நெறிமுறையை மீண்டும் எழுப்புவர். இவற்றுள் ஒன்றினால் இணைப்புக் கைகூடிற்றாயின், 'பழுது தீர்ந்தது' என்று சொல்லி மகிழ்ச்சியோடு வீடு திரும்புவர். பழுதைத் தீர்ப்பது வேறு. பழுது தெரியாமற் செய்வது வேறு. திறவுகோலைத் தேடாது சுவரை இடித்தவன் உள்ளே புகுந்தான் என்பது மெய்யே. ஆயின் அன்றிரவு அவ்வழியே வேறு யார் புகுவர் என்பதை அவன் அறியான்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. சர்வர்கள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பெரிதும் வழங்கும் எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை, 1980-களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பாரி ஃபைகன்பாம் என்பவரால் வகுக்கப்பட்டது. அதன் முதற்பதிப்பை விண்டோஸ் கையாளும் முறையிற் காணப்பட்ட பெருங்குறை ஒன்றுக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14-ஆம் தேதி திருத்தம் வெளியிட்டது. அதற்குப் பின் இரண்டு மாதம் நிறையுமுன்னரே, மே 12-ஆம் தேதி, 'வானாகிரை' என்னும் தீநிரல் அக்குறையையே வாயிலாகக் கொண்டு 150 நாடுகளிற் பரவிற்று. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையைச் சார்ந்த 236 மருத்துவ அமைப்புகளுள் மூன்றில் ஒரு பங்கேனும் இடையூறு எய்தின; ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் தடைப்பட்டிருக்கக் கூடும் என்று மதிப்பிடப்பட்டது. அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, இணையத்தை நோக்கிய காப்புச் சுவர்களை அவ்வமைப்புகள் செம்மையாகப் பேணியிருப்பின் அதுவே அவற்றைக் காத்திருக்கும் என்று எடுத்துக் காட்டிற்று. காப்புச் சுவர் வேலைக்கு இடையூறு என்று எண்ணுவோர் இச்செய்தியை மறவாதிருப்பாராக.

ஆயின் முறைப்படி ஆராய்வது எங்ஙனம்? அயலூரில் உள்ள ஒருவரைக் காணச் செல்கின்றோம் என்று கொள்வோம். முதலில் சாலை இருத்தல் வேண்டும். பின்னர் அவர்தம் வீடு இன்னதென்று தெரிதல் வேண்டும். வாயிற்கதவு திறத்தல் வேண்டும். காவலன் நம்மை அறிதல் வேண்டும். முடிவில், உள்ளறையிற் புக அனுமதி வேண்டும். சாலையே இல்லாதவிடத்து உள்ளறைச் சாவியைக் குறித்து வழக்காடுவது பேதைமை. ஒரு சர்வர் மற்றொரு சர்வரை நாடிச் செல்வதும் இப்படியே. கீழ்ப்படியினின்று மேற்படிக்குச் செல்வதும், ஒரு படி உறுதியானாலன்றி அடுத்த படியிற் கால் வையாமையும் இவ்வாராய்ச்சியின் விதிகளாம்.

சாலை என்பது கம்பியும் ஸ்விச்சும் ஆகும். வீட்டை அறிதல் என்பது, சர்வரின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பதிவு செம்மையாக இருத்தல். யந்திரம் புதிய முகவரிக்கு மாறிய பின்னும் பழைய பதிவு அழியாதிருப்பின், வந்தவன் பாழ்மனையின் முன் நின்று கூவுகின்றான். வாயிற்கதவு என்பது டி.சி.பி. 445 என்னும் எண்ணுடைய வாயில். இங்கே பலர் ஏமாறுவதுண்டு. 'பிங்' என்னும் சோதனைக்கு விடை வந்தமையால் வாயில் திறந்திருக்கிறது என்று கொள்வர். விடை வாராமையால் யந்திரம் இறந்தது என்று துணிவர். இரண்டும் பிழை. பிங் விடை சாலையை மட்டுமே காட்டும். காப்புச் சுவர் பிங்கைத் தடுத்து 445-ஐ விடுதலும், 445-ஐத் தடுத்துப் பிங்கை விடுதலும் கூடும். ஆகவே 445-ஆம் வாயிலையே தட்டிப் பார்த்தல் வேண்டும். அதற்குரிய கட்டளை விண்டோஸிலும் லினக்ஸிலும் உண்டு. சில வேளைகளில் ஒரு விண்டோஸ் சர்வர் மறுதொடக்கத்துக்குப் பின், தான் இருக்கும் வலையமைப்பைக் காரியாலயத்தினது என்று உணராது பொதுவிடம் என்று மயங்கி, இவ்வாயிலைத் தானே சார்த்திக்கொள்ளும். அப்பொழுது செய்யத்தக்கது அம்மயக்கத்தை நீக்குவதே, சுவரை நீக்குவதன்று.

யந்திரம் தரும் பிழைச் செய்தியும் நமக்கு வழிகாட்டியாகும். '53' என்னும் எண்ணோடு 'பாதை காணப்படவில்லை' என்று வருமாயின், சாலையிலோ பெயரிலோ வாயிலிலோ குறை இருக்கின்றது. '5' என்னும் எண்ணோடு 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வருமாயின், வாயில்வரை யாவும் செம்மை; மறுத்தவர் உள்ளே இருப்பவர். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாது, அனுமதி மறுக்கப்பட்டதற்காகக் கம்பியை மாற்றுவோரும், பாதை காணாமைக்காக உரிமைகளை வாரி வழங்குவோரும் உளர். தலைநோவுக்குக் காலிற் பற்றிடும் வைத்தியனுக்கும் இவர்க்கும் வேற்றுமை யாது?

காவலன் நம்மை அறிதற்குக் கெர்பரோஸ் என்னும் அடையாளச் சீட்டு முறை பெரிதும் வழங்குகின்றது. அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் 1980-களில் அமைந்தது அது. சீட்டிற் காலம் பொறிக்கப்படுதலின், இரு யந்திரங்களின் கடிகாரங்களும் 5 நிமிஷத்துக்கு மேல் வேறுபடலாகாது என்பது வழக்கமான வரையறை. கடிகாரம் பிந்தியமையாற் கோப்புத் திறவாது என்பதை முதன்முறை கேட்போர் நகைப்பர். ஆயினும் அது உண்மை. பெயரைக் கொண்டு அழைத்தால் மறுப்பும், எண் முகவரியைக் கொண்டு அழைத்தால் அனுமதியும் கிடைக்குமாயின், அங்கே வேறோர் அடையாள முறை இடம்பெற்றிருத்தல் கூடும். ஆதலின் கடிகாரத்தையும் பெயர்ப் பதிவையும் நோக்குக. எண் முகவரியையே நிலையாக எழுதிவிட்டுப் போவது பழுதை மூடி வைப்பதாகும்.

உள்ளறையின் அனுமதி விண்டோஸில் இரண்டு இடங்களில் எழுதப்படுகின்றது: ஒன்று பகிர்வின்மேல், மற்றொன்று கோப்புறையின்மேல். இரண்டனுள் எது குறுகியதோ அதுவே செல்லும். பகிர்வின்மேல் உரிமையைத் தாராளமாக வைத்துக் கோப்புறையின்மேல் இறுக்கமாக வைப்பது ஏற்புடைய முறையே. இரண்டிலும் எவர்க்கும் முழு உரிமை வழங்குவதே நாம் கண்டிப்பது. அவ்வாறு வழங்கியபின், யாரேனும் ஒருவருடைய யந்திரத்திற் புகுந்த தீநிரல், அவரால் எழுதக்கூடிய கோப்பு அனைத்தையும் அழிக்கவல்லதாகின்றது.

சர்வர்களிடையே நேரும் பழுதுகளுள் மிகவும் மயக்குவது ஒன்றை இங்கே குறிப்பிடுவோம். பகலிற் கைகூடும் நகல் இரவிற் கைகூடாது. உத்தியோகஸ்தர் சர்வரின் முன் அமர்ந்து 'இசட்' என்னும் எழுத்திட்ட வட்டைத் திறக்கின்றார். கோப்புகள் தடையின்றிச் செல்கின்றன. நள்ளிரவில் தானே நடைபெற வேண்டிய காப்புநகலோ தோற்றுப்போகின்றது. காரணம் எளிது. அவ்வெழுத்து அவர் நுழைந்திருக்கும் அமர்வுக்கே உரியது. இரவில் வேலை செய்வது அவரல்லர், சர்வரின் அகக் கணக்கு. அக்கணக்குக்கு 'இசட்' என்று ஒன்று இல்லை; மற்றைச் சர்வரின் முன் அது அவர் பெயரால் நிற்பதுமில்லை, யந்திரத்தின் பெயரால் நிற்கின்றது. எழுத்தை விடுத்து முழுப்பாதையையும் எழுதி, அவ்வேலைக்கென்றே ஒரு கணக்கு அமைத்து, அதற்கு வேண்டிய அளவு உரிமை தருவதே தக்க பரிகாரம். காரணம் அறியாதவரோ 'எவர்க்கும்' என்று எழுதுவர். அன்றேல் தலைமை நிர்வாகியின் கடவுச்சொல்லையே அவ்வேலையிற் பொதிந்து வைப்பர். இன்னும் சிலர், பகலில் நடக்கின்றதே என்று வாளா இருந்துவிடுவர். வட்டுப் பழுதுற்று நகலைத் தேடும் நாளிலேதான் பல மாதங்களாக நகலே இல்லை என்பது புலனாகும். அந்நாளில் இழப்பது கோப்பை மட்டுமன்று. பலருடைய ஊதியத்தையும் உழைப்பையும் இழக்கின்றோம்.

'வேலை நின்றுவிட்டது, மேலதிகாரி கதவண்டை நிற்கின்றார், உமது படிமுறைக்கு அவகாசம் ஏது?' என்று வினவுவார் உளர். அவர்தம் இடுக்கண் நமக்குத் தெரியாததன்று. ஆயினும் மேற்கூறிய சோதனைகள் ஒவ்வொன்றும் சில நிமிஷங்களில் முடிவன. முறையின்றித் தடுமாறுவதிலே நாட்கள் கழிகின்றன. ஒரே வேளையில் மூன்றனை மாற்றியவர், பழுது எதனால் நீங்கிற்று என்பதை என்றும் அறியார். அது மீண்டும் வருங்கால் மீண்டும் மூன்றனையும் மாற்றுவர். தற்காலிகமாகத் தளர்த்தியே தீர வேண்டுமாயின், ஒரு முகவரிக்கு மட்டும், ஒரு வாயிலை மட்டும், ஒரு நாளைக்கு மட்டும் தளர்த்துக. தளர்த்தியதை ஏட்டில் எழுதுக. மறுநாள் மீண்டும் இறுக்குக. எழுதப்படாத தற்காலிகம் நிரந்தரமாகிவிடும்.

புதிய பதிப்புகளின் கடுமையைக் குறை கூறுவாரும் உண்டு. 2024-ல் வெளிவந்த விண்டோஸ் சர்வர் 2025, தான் நாடிச் செல்லும் எஸ்.எம்.பி. இணைப்புகளிற் செய்திகள் கையொப்பமிடப்பட்டிருத்தல் வேண்டும் என்று இயல்பாகவே கட்டாயப்படுத்துகின்றது. அதனால் பழைய சேமிப்புப் பெட்டிகள் சில அதனோடு உறவாட இயலாமற் போகின்றன. கையொப்பத்தை விலக்குக என்பது இவர்தம் கூற்று. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க, இயலாதெனில் பெட்டியை மாற்றுக என்பது நமது கூற்று. பெட்டியின் விலை மிகுதியென்பர்; அதிலுள்ள ஏடுகளின் விலை அதனினும் மிகுதியன்றோ?

ஊகத்தை விடுத்து உற்று நோக்குதல் எத்துணைப் பயன் தரும் என்பதற்கு இத்துறையிலேயே ஒரு சான்று உண்டு. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1992-ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாக, இரு யந்திரங்களுக்கிடையே கம்பியிற் செல்லும் பொதிகளைப் பிடித்துக் காட்டும் கருவியைக் கொண்டு, அவை ஒன்றோடொன்று பேசும் முறையைக் கண்டறிந்தார். பின்னர் 'சாம்பா' எனப் பெயர் பெற்ற மென்பொருள் அம்முயற்சியிற் பிறந்ததே. விண்டோஸ் யந்திரங்களும் லினக்ஸ் யந்திரங்களும் இன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்வது அதனாலே. அவர்க்கு அன்று கிடைத்ததனினும் சிறந்த கருவிகள் இன்று எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. குறைந்திருப்பது கருவியன்று, பொறுமையே.

ஆதலின் மாணவ நண்பர்காள்! சர்வர் அறையின் பொறுப்பு உங்கள் கைக்கு வருங்கால், முதலில் ஓர் ஏட்டை எடுத்துவையுங்கள். கண்டதை எழுதுங்கள், ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள், மாற்றிப் பயனில்லாததை முன்னிருந்தபடியே வையுங்கள். காரணம் இன்னதென்று ஒரு வாக்கியத்திற் சொல்லக்கூடிய அளவும் 'தீர்ந்தது' என்று கூறாதீர்கள். நீங்கள் காக்கும் கோப்புகளுக்கு உரியவர் உங்களை அறியார். சர்வர் அறை எங்குளது என்பதையும் அறியார். அவர்தம் கணக்கும் ஊதியமும் மருத்துவக் குறிப்பும் அச்சுவருக்கு உட்புறத்தே இருக்கின்றன. அவர்க்காகவேனும் திறவுகோலைத் தேடுவோமாக, சுவர் நிற்கட்டும்.