இறைத்துவிட்டால் முடிந்ததா?

வயலுக்கு நீர் இறைத்தவர்களுக்குப் பம்பியைப் பற்றி நாம் சொல்லித்தரத் தேவையில்லை. மலக்குழியை இறைக்கும் பம்பியும் அதே இனந்தான். ஆனால் அதன் சுழலியில் இதழ்கள் குறைவு, வழி அகலம். கட்டியும் கடந்து செல்ல வேண்டுமல்லவா? குழியில் மட்டம் உயர்ந்ததும் மிதவை எழுந்து மின்னை இணைக்கும், தாழ்ந்ததும் நிறுத்தும். துணியோ பொலித்தீனோ விழுந்தால் சிக்கிவிடும். பவுசர் வண்டி வேறு விதம். தாங்கியிலுள்ள காற்றை வெளியேற்றினால், வெளிக்காற்றின் அழுத்தமே கழிவைக் குழாய்வழியே ஏற்றிவிடும்.

ஆயினும் எந்தப் பம்பியும் கழிவைச் சுத்தம் செய்வதில்லை; இடம் மாற்றுகிறது, அவ்வளவே. கல்முனைக் கரையோரம் மணற்பூமி. சில அடி ஆழத்திலேயே நீர் ஊறும். குழியில் கசிவது கிணற்றை அடைய நெடுநாள் வேண்டாம். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், உப்பேறிய கிணறுகளை அவசரப்பட்டு இறைத்ததால் அடியிலிருந்து மேலும் உப்பு ஏறியதையும் கிழக்குக் கரை கண்டது.

ஆகவே, குடியேற்றத் திட்டத்தோடு வருபவர்களிடம் வீட்டின் அளவை மட்டும் கேளாதீர்கள். மலக்குழி எங்கே, கிணறு எங்கே, பவுசர் எங்கே கொட்டும் என்றும் கேளுங்கள். களப்பிலும் குளத்திலும் கொட்டினால் அது நம் வயலுக்கே திரும்பும். அடைபட்ட பம்பியை எடுக்க எவரையும் குழிக்குள் இறக்காதீர்கள்; நச்சுவாயு சில மூச்சுகளில் உயிரைப் பறிக்கும். இடம்பெயர்ந்தோருக்குச் சுத்தமான கிணறு சலுகையன்று, உரிமை.