அடுப்பங்கரையில் ஒரு தையற்பெட்டி



நம் காட்டேரிக்குப்பத்தில் சில இல்லங்களில் நைந்த பருத்திப் புடவைகள் மூட்டையாகவே கிடக்கின்றன. ஐப்பசி மழையிலோ பிள்ளைகள் குளிர்ந்த தரையில் பாய் மட்டும் விரித்து உறங்குகின்றனர். தைக்கக் கருவியில்லை என்பது தாய்மார் சொல்லும் காரணம்.

கருவிகள் அடுப்பங்கரையிலேயே உள்ளன. தேய்ந்து மெலிந்த சோப்புத் துண்டு கோடு போடும், துவைத்தால் மறையும். கடையில் விற்கும் சுண்ணக்கட்டியினும் இதுவே மேல் என்பேன். அரிசி நிரப்பிய டம்ளர்கள் துணியை அசையாது அழுத்தும். சோற்றுத்தட்டு வளைவு வரையும். நூலை மெழுகுத்திரித் துண்டின்மீது இழுத்துக்கொண்டால் எளிதில் சிக்காது. வெந்நீர் ஊற்றிய செம்பின் அடிப்புறம் மடிப்பைப் படியவைக்கும்.

கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹலியால் பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளை ஒட்டுப்போட்டு ‘கவந்தி’ என்னும் போர்வை தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை அடைவர். மூலைகளில் ‘பூ’ எனப்படும் மடித்த துண்டு இல்லையேல் அப்போர்வை ஆடையற்றதாம்! அவர்களுள் கத்தோலிக்கர் சிலர் சிலுவை வடிவையும் பொருத்துவதுண்டு.

கத்தரிக்கோல் ஒன்றை மட்டும் நல்லதாக வாங்குங்கள். காகிதம் வெட்டும் பிள்ளைகளின் கண்ணில் படாமல் அதனை ஒளித்து வையுங்கள்.