விடுதி போதாது, பள்ளி வேண்டும்

2025 ஜூலையில் தமிழ்நாடு அரசின் 2,739 மாணவர் விடுதிகளும் ஒரே அறிவிப்பில் ‘சமூகநீதி விடுதிகள்’ ஆயின. ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் என்று தனித்தனிப் பலகைகளின் கீழ் தங்கிவந்த சுமார் 1 லட்சத்து 79 ஆயிரம் பிள்ளைகள் ஒரே பெயரின் கீழ் வந்தார்கள். இதில் கேலிக்கு இடமில்லை. வாசல் பலகையை வகுப்புத் தோழன் பார்த்துவிடுவானோ என்று அஞ்சி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விடுதிக்குள் நுழைந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அந்தக் கூச்சத்தை ஓர் அரசு காலம் தாழ்ந்தாவது புரிந்துகொண்டது நல்லதே.

ஆனால், அந்த அறிவிப்பு பெயரைப் பற்றியது. பணத்தைப் பற்றியது அல்ல. எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

விடுதியில் தங்கும் பள்ளி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த உணவுப்படி 2023இல் 1,400 ரூபாயாக உயர்ந்தது. விழுக்காட்டில் சொன்னால் 40, கேட்பதற்குப் பெரிய உயர்வு. 1,400ஐ 30ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 46 ரூபாய் 66 காசு வருகிறது. ஒரு வேளைக்கு 15 ரூபாய் 55 காசு. சிறு நகரத்துக் கடையில் இந்தக் காசுக்கு ஒரு டீ கிடைக்கும். கூடவே ஒரு வடை கேட்டால் கிடைக்காது. எலும்பு நீளும் பருவத்தில் இருக்கும் 14 வயதுப் பையனுக்கு, மாதவிடாய் தொடங்கி இரும்புச்சத்து தேவைப்படும் பெண்ணுக்கு, ஒரு வேளை உணவுக்கு இந்த மாநிலம் போட்டிருக்கும் கணக்கு அது. சுவரில் ஒட்டிய உணவுப் பட்டியலில் முட்டை இருக்கும், சுண்டல் இருக்கும், இறைச்சி நாளும் இருக்கும். அந்தப் பட்டியலை இந்தத் தொகைக்குள் அடக்க வேண்டியவர் காப்பாளர். குழம்பில் பருப்பு குறைவதும், ஊருக்குப் போன பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் தொடர்வதும் இந்த இடுக்கிலிருந்துதான் பிறக்கின்றன. விடுதி ஊழல் என்றதும் காப்பாளரை மட்டும் கூண்டில் ஏற்றுகிறவர்கள், முதலில் 46 ரூபாயில் ஒரு நாள் சமைத்துப் பார்க்க வேண்டும்.

சோற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு இந்தப் பிள்ளைகள் விடுதியைவிட்டு எங்கே போகிறார்கள்?

பக்கத்து அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ போகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் கடந்த சில ஆண்டுகளே சாட்சி. 2022இல் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், பள்ளிக்கூடம் போகும் தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்தார் ஒரு கடைக்காரர். ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று அந்தக் குழந்தைகளின் முகத்துக்கு நேரே சொன்னார். அதே ஆண்டு பெருந்துறை அருகே பாலக்கரை ஒன்றியப் பள்ளியில், தலித் குழந்தைகளைக் கழிப்பறை கழுவவைத்த தலைமை ஆசிரியர் கைதானார். 2023இல் கரூர் மாவட்டத்து வேலன்செட்டியூரில், காலை உணவைத் தலித் பெண் சமைக்கிறார் என்பதற்காகத் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை சில பெற்றோர்.

பிறகு நாங்குநேரி. 2023 ஆகஸ்டில், வள்ளியூரில் பிளஸ் டூ படித்துவந்த தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டார். சாதிச் சீண்டல் தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்ததும் உண்மை வெளியே வந்தது. உண்மையைச் சொன்னதற்கு அன்றிரவே கிடைத்த தண்டனை அது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் அரியநாயகிபுரத்துப் பதினோராம் வகுப்பு மாணவர், தேர்வெழுதப் போகும் வழியில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டு வெட்டப்பட்டார். அவரது கைவிரல்கள் துண்டாயின.

இந்தப் பள்ளிகளுக்குத்தான் விடுதிப் பிள்ளைகளும் தினமும் போய்வருகிறார்கள். விடுதி இரவுக்கு ஒரு கூரை தருகிறது. பகல் முழுவதும் அவர்களை, சாதியைக் காட்டக் கையில் வண்ணக் கயிறு கட்டியவர்கள் இருக்கும் வகுப்பறைக்கு அனுப்பிவிடுகிறது. தங்குமிடம் ஒரு துறை, பள்ளி இன்னொரு துறை; இடைப்பட்ட சாலைக்குப் பொறுப்பு யாரும் இல்லை. அதனால்தான் விடுதிக்குப் பதிலாக உண்டு உறைவிடப் பள்ளி என்று கேட்க வேண்டியிருக்கிறது. வகுப்பறை, சமையல்கூடம், படுக்கை, விளையாட்டுத் திடல் எல்லாம் ஒரே வளாகத்தில், ஒரே பொறுப்பில் இருக்க வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது, பாடத்தோடு சோறும் தங்குமிடமும் சேர்ந்தால்தான் சேரிப் பிள்ளை படிப்பை முடிக்கும் என்று அறிந்திருந்தார். அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1925இல் சோலாப்பூரில் செய்த முதல் காரியங்களில் ஒன்று, மாணவர் விடுதி திறந்தது. நூறாண்டுக்கு முன்பு நன்கொடைப் பணத்தில் செய்யப்பட்டதை, இன்று லட்சக்கணக்கான கோடியில் பட்ஜெட் போடும் அரசு செய்யத் தயங்குகிறது.

செய்த மாநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1980களில் தொடங்கிய சமூகநல உறைவிடப் பள்ளிகள், பிரிவினைக்குப் பிறகு தெலங்கானாவில் வேகமாகப் பெருகி 268 ஆயின. தனிச் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டு, தனிச் செயலாளர், தனி ஆசிரியர் நியமனம், ஆங்கில வழி என்று நடப்பவை அவை. ஐபிஎஸ் அதிகாரி ஆர்.எஸ்.பிரவீன்குமார் 2012 முதல் 2021 வரை அவற்றின் செயலாளராக இருந்தார். 2014 மே 25 அன்று மாலாவத் பூர்ணா என்ற 13 வயதுப் பழங்குடிச் சிறுமியும், ஆனந்த்குமார் என்ற தலித் மாணவரும் எவரெஸ்ட் உச்சியில் ஏறி நின்றார்கள். இருவரும் இந்தப் பள்ளிகளின் பிள்ளைகள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளை டார்ஜிலிங்குக்கு அனுப்பி மலையேற்றம் பழக்க ஓர் அரசுப் பள்ளி துணிந்தது என்பதுதான் இதில் முக்கியம். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2024இல் அங்கே உணவுப்படி 1,540 ரூபாயாகவும், இண்டர்மீடியட் முதல் 2,100 ரூபாயாகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டின் தொகையோடு ஒப்பிட்டால் எட்டு முதல் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 140 ரூபாய்தான் வித்தியாசம். ஆனால், தெலங்கானாவின் பிள்ளை சாப்பிட்டுவிட்டு நடந்து போகும் வகுப்பறையும் அதே வளாகத்தில் இருக்கிறது.

அங்கே உணவு நஞ்சாகிப் பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனது உண்மை. உறைவிடப் பள்ளியே ஆபத்து என்று அதைக் காட்டிப் பேசுவது அபத்தம். சமையலுக்கு இன்னும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்பதற்கே அது ஆதாரம்.

டெல்லியின் கணக்கு இதைவிட மோசம். பழங்குடிக் குழந்தைகளுக்கான ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 1,09,000 ரூபாய் ஒதுக்குகிறது. பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஒன்றியங்களில், நாடு முழுதும் 728 பள்ளிகள் என்பது இலக்கு. அது வேண்டியதுதான், இன்னும் கூடுதலாகவே வேண்டும். பட்டியல் சாதியினருக்கு? ‘ஷ்ரேஷ்டா’ என்று ஒரு திட்டம். ஆண்டுக்குச் சுமார் 3,000 பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பொறுக்கி, தனியார் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு 1,00,000 ரூபாயில் தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்புக்கு 1,35,000 ரூபாய் வரை அந்தப் பள்ளிகளுக்கு அரசு கட்டணம் செலுத்துகிறது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் பட்டியல் சாதி மக்கள் 20 கோடி. 20 கோடிப் பேருக்கு ஆண்டுக்கு 3,000 இடம்! மிச்சமுள்ள குழந்தைகளின் கதி என்ன என்று திட்டம் வகுத்தவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. ஒரு தலித் குழந்தையை நல்ல உறைவிடப் பள்ளியில் படிக்கவைக்க லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. ஆனால், அந்தப் பணத்தைத் தனியாருக்கு மட்டுமே தருவேன் என்கிறது.

தொண்டு நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பவர்களுக்கு குஜராத் பதில் சொல்லும். மார்ட்டின் மக்வான் தொடங்கிய நவ்சர்ஜன் அறக்கட்டளை, சாதிக் கொடுமைக்கு ஆளாகும் குழந்தைகளுக்காகவே உறைவிடத் தொடக்கப் பள்ளிகளை நடத்திவந்தது. 2016 டிசம்பரில் அதன் வெளிநாட்டு நன்கொடை உரிமத்தை ஒன்றிய அரசு ரத்து செய்தது. பணியாளர்களை அனுப்பும் நிலைக்கு நிறுவனம் வந்தது. தானும் நடத்தாமல், நடத்துகிறவர்களையும் விடாத அரசிடம் தலித் குழந்தைகளைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை என்று சொல்வதில் தவறில்லை.

தமிழ்நாட்டுக்குத் திரும்பினால், இங்கே வேறொரு பேச்சு ஓடுகிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023 மார்ச் பட்ஜெட் அறிவித்தது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையிலும் இணைப்பைப் பரிந்துரைத்தது. கைக்கயிறு தடை போன்ற அதன் பல பரிந்துரைகள் உடனே நிறைவேற வேண்டியவை. இணைப்பு மட்டும் தவறான மருந்து. பாலக்கரையில் கழிப்பறை கழுவவைத்த பள்ளி, சாதிப் பெயர் தாங்கிய துறையின் பள்ளி அல்ல. சாதாரண ஒன்றியப் பள்ளி. சாதியை ஒழிக்க எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாக உட்காரவைத்தால் போதும் என்று நம்புகிறவர்கள், அந்த ஒன்றிப்பின் விலையைக் கொடுப்பது யாருடைய பிள்ளை என்று பார்ப்பதில்லை. தனிப் பள்ளி என்றால் தனிச் சேரி என்கிறார்கள். தெலங்கானாப் பள்ளிகளில் நான்கில் ஒரு பங்கு இடம் பிற சமூகத்தாருக்கு. அங்கே தலித் பிள்ளை பெரும்பான்மை, மற்றவர்கள் வந்து சேர்கிறார்கள். கலந்து படிப்பதற்கு இதைவிடச் சமமான ஏற்பாடு வேறு இருக்க முடியாது.

நடத்தத் தெரியாது என்ற சாக்கும் செல்லாது. எல்லா மாவட்டங்களிலும் அரசு மாதிரிப் பள்ளிகளை உறைவிடப் பள்ளிகளாக இதே அரசு நடத்துகிறது. அவற்றிலிருந்து பிள்ளைகள் ஐஐடிக்குப் போகிறார்கள். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்குச் செய்ய முடிந்ததை, அடி வாங்கும் பிள்ளைக்கும் செய்ய முடியும்.

பணம் இருக்கிறதா என்றால், கணக்கு எளிது. சமூகநீதி விடுதிகளில் இருக்கும் 1,79,568 பேருக்கும், ஏகலைவா பள்ளிகளுக்கு ஆகும் 1,09,000 ரூபாயைச் செலவிட்டால் ஆண்டுக்குச் சுமார் 1,957 கோடி. ஆசிரியர் சம்பளமெல்லாம் சேர்ந்த தொகை அது. 1,400 ரூபாயோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது என்று நிதித் துறை சொல்லும், சொல்லட்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 13,000 கோடிக்கு மேல் ஒதுக்க முடிந்த மாநிலம் இது. அந்தத் தொகையில் ஒரு பகுதியைப் பட்டியல் சாதித் துணைத் திட்டத்தில் காட்டுவது குறித்து தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையமே விளக்கம் கேட்டது. மக்கள்தொகையில் 20 விழுக்காடாக இருப்பவர்களுக்கு அதே விகிதத்தில் நிதி என்று 2024இல் சட்டமே வந்துவிட்டது. எல்லோருக்கும் போகும் திட்டத்தில் தலித்துகளின் பங்கை எழுதிக் கணக்கை நேர்செய்வதை நிறுத்தினாலே, இந்தப் பள்ளிகளுக்கான பணம் கைக்கு வந்துவிடும்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, மதுரை, தேனி என்று தெற்கிலிருந்து தொடங்கலாம். அடுத்த பட்ஜெட்டிலேயே தனிச் சங்கம் ஒன்றைச் சட்டத்தால் அமைத்து, துணைத் திட்ட நிதியிலிருந்து தனித் தலைப்பில் அதற்கு ஒதுக்க வேண்டும். மாவட்டத்துக்குப் பத்து உண்டு உறைவிடப் பள்ளி, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை, பாதி பெண்களுக்கு. சாதிக் கொடுமையால் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கு ஆண்டின் எந்த நாளிலும், எந்தத் தேர்வும் இல்லாமல் இடம். அவை எழும்வரை விடுதிகளின் உணவுப்படி மாதம் 3,000 ரூபாய். ஆணை போட ஒரு கையெழுத்து போதும். இந்த நிதியாண்டு முடிவதற்குள் அது வர வேண்டும்.