குரலை எங்க அனுப்புறியள்?

போட்காஸ்ட் தொடங்கிற எல்லாரும் முதல்ல கேக்கிறது, எந்த சொஃப்ட்வெயர் நல்லது எண்டுதான். குரல் எங்க போகுது எண்டு கேக்கிற ஆக்கள் குறைவு. அடோபியின் 'என்ஹான்ஸ் ஸ்பீச்' இரைச்சலை நல்லாத் துடைக்கும், உண்மைதான். ஆனால் அதை இணையத்தில் பாவிக்க ஒலிப்பதிவை அவர்களுடைய சேர்வரில் ஏற்ற வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு அம்மா எங்களை நம்பிச் சொன்னதை, ஃபேன் சத்தம் போகவேணும் எண்டதுக்காக நாங்கள் அங்கே அனுப்புவதா? கிராக் பண்ணின ஓடிஷன் இன்னும் மோசம். அதோட என்ன வைரஸ் வருதெண்டு ஆருக்குத் தெரியும்? 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிட்டி, இணையமே இல்லாமல் எங்கள் கணினியிலேயே வேலை செய்யும். பார்க்க வடிவில்லைத்தான். ஆரும் பேசாத இரண்டு செக்கன் அறைச் சத்தத்தைத் தெரிவுசெய்து 'நொய்ஸ் புரொஃபைல்' எடுத்தால், அதே இரைச்சலை முழுப் பதிவிலும் குறைக்கலாம். அதுக்கும் முதல், பதியேக்க ஃபேனை நிப்பாட்டுங்கோ.